ட்வீசர் நடுங்கிய எட்டு மாதம்: ஒரு செல்போன் மெக்கானிக்கின் கேஸ் ஷீட்

எங்கள் கடைக்கு ஒரு போன் சர்வீஸுக்கு வந்தால் முதலில் ஒரு சீட்டு எழுதுவோம். என்ன கோளாறு, எப்போதிலிருந்து, தண்ணீரில் விழுந்ததா, இதற்கு முன்னால் வேறு யாராவது திறந்தார்களா, கடைசியாக என்ன மாற்றினார்கள். இந்த ஐந்துக்கும் ஒழுங்காகப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் சொந்தக் கை நடுங்க ஆரம்பித்தபோது இந்தப் புத்தி வர எனக்கு நாலைந்து வாரம் ஆனது. அதுவரை பயந்தேன், மறைத்தேன், ஒரு முட்டாள்தனமும் பண்ணினேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சீட்டு இதுதான். ஆண், 39 வயது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை, 14 வருடமாகப் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைப் பழுது பார்க்கும் வேலை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, பனிக்காலத்தில் எப்போதாவது இன்ஹேலர். கோளாறு: இரண்டு கையும் நடுக்கம், 2023 அக்டோபர் இரண்டாவது வாரத்திலிருந்து. கடைசியாக மாற்றியது: மனச்சோர்வுக்குப் போடும் எஸ்சிடலோபிராம் மாத்திரை, 10 மில்லிகிராமிலிருந்து 20-க்கு.

இப்படி எழுதிப் பார்த்தால் பதில் கடைசி வரியிலேயே இருக்கிற மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பாதிதான் சரி.

மாத்திரைக்கு எப்படிப் போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேறு கதை. அந்த வருடம் தை மாதம் அப்பா போனார், கடைக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம், காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கே அரை மணி நேரம் கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். ஜூலையில் என் மனைவிதான் மதுரைக்கு ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் எஸ்சிடலோபிராம் 10 மி.கி., கூடவே பதற்றத்தை அடக்கும் குளோனசிபாம் 0.5 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரையை ராத்திரிக்கு எழுதினார். முதல் பத்து நாள் குமட்டல். மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது, ஐந்தாவது வாரம் வண்டியில் உட்காராமல் நேராக ஷட்டரைத் தூக்கினேன். செப்டம்பர் தொடக்கத்தில் குளோனசிபாமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, எஸ்சிடலோபிராமை மட்டும் காலைக்கு மாற்றினார்கள். பாதிதான் தேறியிருக்கிறேன் என்று செப்டம்பர் கடைசியில் 20 ஆக்கினார்கள். 20-தான் அந்த மாத்திரையின் வழக்கமான உச்ச அளவு.

சரி, இப்போது கை.

போர்டில் இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர்களில் 0201 என்று ஒரு சைஸ் இருக்கிறது. 0.6 மில்லிமீட்டர் நீளம், 0.3 மில்லிமீட்டர் அகலம். ஒரு கடுகு மேல் இரண்டு மூன்றை அடுக்கலாம். இதை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ட்வீசரால் (சின்ன இடுக்கி) தூக்கி, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவிய இடத்தில் வைத்து, ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) காட்ட வேண்டும். மைக்ரோஸ்கோப் பத்து மடங்கு பெரிதாக்கும் என்றால் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். அன்றைக்கு ஒரு டெட் போன், டிஸ்பிளே லைனில் ஷார்ட். ஷார்ட்டான கெப்பாசிட்டரைத் தூக்கியாயிற்று, புதியதை வைக்கணும். ட்வீசர் முனை கண்ணில் படுகிறது, ஆனால் நிற்கவில்லை, தையல் மிஷின் ஊசி மாதிரி பொடிப்பொடியாக அடிக்கிறது. கெப்பாசிட்டர் பறந்தது. இரண்டாவதும் பறந்தது. மூன்றாவதை வைத்தேன், குறுக்காக உட்கார்ந்தது, பக்கத்தில் இருந்ததையும் தள்ளிவிட்டது. ட்வீசர்தான் காந்தம் ஏறிவிட்டது போல என்று வேறு ட்வீசர் எடுத்தேன். மனசு எப்படியெல்லாம் சமாதானம் தேடுகிறது பாருங்கள்.

மடியில் கை சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. எதையாவது பிடித்தால், நீட்டினால், ஊற்றினால் நடுக்கம். டீக்கடையில் கண்ணாடி கிளாஸை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையால் பிடிக்க ஆரம்பித்தேன். பேங்கில் பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள், "சுகர் சார், கை ஆடுது" என்று ஒரு பொய் சொல்லி இன்னொரு தடவை போட்டேன். இல்லாத சர்க்கரையைச் சொல்ல வாய் கூசவில்லை, இருக்கிற மனச்சோர்வைச் சொல்ல வாய் வரவில்லை.

நம் ஊரில் காலையில் ஒருவனுக்குக் கை நடுங்கினால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். ஒரு வாடிக்கையாளர், ஆறேழு வருடமாக வருகிறவர், நான் பேக் கவரைத் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, அவசரமில்ல, அப்புறம் வர்றேன்" என்று போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். வெளியே கடைப் பையனிடம், "என்னடா, ஒங்க அண்ணன் காலையிலயே ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். பையன் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னான். நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. அன்று ராத்திரி அவ்வளவு கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் கை இன்னும் நடுங்கியது. நடுங்குமோ என்று பயந்தால் நடுங்கும், நடுங்கினால் பயம் கூடும்.

முட்டாள்தனம் இதற்கு அடுத்த நாள். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, கடையில் சர்வீஸ் மலைபோல் கிடந்தது, டாக்டரைப் பார்க்கும் தேதியோ நவம்பர் பாதியில். மாத்திரையால்தானே, நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. எஸ்சிடலோபிராம் உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 30 மணி நேரம் ஆகும், அதனால் கணக்கு மெதுவாகத்தான் தீர்கிறது. மூன்றாவது நாள், தலையைத் திருப்பினால் மண்டைக்குள் ஒரு ஷாக். நிஜமாகவே கரண்டு ஷாக் மாதிரி, ஒரு நொடிக்கும் குறைவு, கண்ணை உருட்டினால்கூட வந்தது. தலைசுற்றல். நாலாவது நாள் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன், சின்னவள் ஹோம்வொர்க் நோட்டைக் காட்ட வந்ததற்கு அழுதேன். நான் அழுதேன், அவள் இல்லை. அந்த நாலாவது, ஐந்தாவது நாளில் கை கொஞ்சம் அடங்கியது என்னவோ உண்மை. ஆனால் போர்டைப் பார்க்கக் குனிந்தாலே ஷாக் அடிக்கும்போது அடங்கிய கையை வைத்து என்ன பண்ண?

மனைவி போன் பண்ணினாள். டாக்டர் திட்டவில்லை. "இன்னைக்கே பழைய அளவுல ஆரம்பிங்க, அடுத்த வாரம் நேர்ல வாங்க, வரும்போது வீட்ல இருக்குற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டு வாங்க, மெடிக்கல்ல சும்மா வாங்கினதையும்" என்றார். இரண்டு நாளில் ஷாக் நின்றது. ஐந்தாவது நாள் நடுக்கம் பழையபடி வந்து உட்கார்ந்தது.

அந்த நேர்ப் பரிசோதனையைப் பற்றி விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல மெக்கானிக் எப்படிக் கோளாறு பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார் அந்த அம்மா. முதலில் கையை மடியில் வைத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார், கவனம் வேறு பக்கம் போனால் சும்மா இருக்கும் கை ஆடுகிறதா என்று பார்க்க. ஆடவில்லை. பார்க்கின்சன் என்கிற நரம்பு நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் தெரியும், வேகமும் குறைவு, வினாடிக்கு 4 முதல் 6, முதலில் ஒரு பக்கக் கையில் ஆரம்பிக்கும், கையெழுத்து போகப் போகச் சின்னதாகும் என்று சொன்னார். அடுத்து கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் சலசலவென்று ஆடியது, கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தையும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர். கடைசியில் பேனாவைக் கொடுத்து, "கொசுவத்திச் சுருள் மாதிரி உள்ளேயிருந்து வெளியே வரைங்க, கை மேசையில படக்கூடாது" என்றார். நான் வரைந்தது கொசுவத்தி மாதிரி இல்லை, ரம்பத்தை வளைத்த மாதிரி இருந்தது. தேதி போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார்.

சுத்தியலால் முட்டியைத் தட்டினார், பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்துத் தானாகத் துடிக்கிறதா என்று பார்த்தார். அது, இந்த மாத்திரை மூளையில் கூட்டிவிடும் செரட்டோனின் என்கிற ரசாயனம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். வெறும் கை நடுக்கம் தொந்தரவு. ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, கால் தானாக வெட்டி வெட்டி இழுப்பது, குழப்பம் இதெல்லாம் சில மணி நேரத்தில் சேர்ந்து வந்தால் அது வேறு, ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. பெரும்பாலும் இன்னொரு மருந்து சேரும்போது வரும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், சில இருமல் சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், லினிசோலிட் என்கிற ஆன்டிபயாட்டிக், இந்த மூன்றையும் என் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் பர்ஸில் இருக்கிறது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன்.

பிறகு மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினேன். அதில் ஒரு கேப்ஸ்யூல் அட்டையைக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்றார்.

"கேஸ் மாத்திரை மேடம். ஆரம்பத்துல குமட்டல் இருந்துச்சுல்ல, அப்ப மெடிக்கல்ல குடுத்தாங்க."

"அப்ப இருந்து தினமும் போடுறீங்களா?"

"வெறும் வயித்துல ஒண்ணு. கேஸ் மாத்திரைதானே மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. அது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலும் குமட்டலை அடக்கும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. நம் ஊரில் பாதி வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் சமாசாரம். எஸ்சிடலோபிராமை ஈரலில் உடைக்கும் முக்கியமான நொதி ஒன்றை ஒமிப்ரசோல் மந்தப்படுத்துகிறது, அதனால் ரத்தத்தில் எஸ்சிடலோபிராம் அளவு சுமார் 50 சதவீதம் வரை கூடும். அதாவது நான் விழுங்கியது 20, உடம்பு பார்த்தது கிட்டத்தட்ட 30 மாதிரி. டோம்பெரிடோன் விஷயம் நடுக்கத்தைவிடப் பெரிது. அதுவும் எஸ்சிடலோபிராமும் இரண்டுமே இதயத் துடிப்பின் மின்கணக்கில் ஒரு இடைவெளியை நீட்டக்கூடியவை, சேர்த்துப் போடவே கூடாது. அங்கேயே ஈசிஜி எடுத்தார்கள், நல்லவேளை சரியாக இருந்தது. "இதுல லெவோசல்பிரைடு இருக்கோன்னுதான் அட்டைய வாங்கிப் பார்த்தேன், அதுவும் கேஸ் மாத்திரைகூடச் சேர்ந்து வரும், அது பார்க்கின்சன் மாதிரியே நடுக்கம் குடுக்கும்" என்றும் சொன்னார். ஒரு மாத்திரையின் குமட்டலுக்கு இன்னொரு மாத்திரை, அது முதல் மாத்திரையையே ஏற்றிவிட்டது. போனில் அறுந்துபோன ஒரு லைனுக்கு ஜம்பர் (இணைப்புக் கம்பி) போட்டு, அந்த ஜம்பரே வேறு லைனைச் சுட்ட கதை. நானே பண்ணியிருக்கிறேன், போனில்.

ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு (கூடினால் கை இப்படித்தான் நடுங்கும்), சர்க்கரை, சோடியம். எல்லாம் சரி. இன்ஹேலர் எப்போது கடைசியாக இழுத்தீர்கள் என்று கேட்டார், அதில் இருக்கும் சால்புட்டமாலும் கையை நடுங்க வைக்கும். அந்த வருடம் நான் தொடவில்லை. எத்தனை டீ என்று கேட்டார். ஏழு என்றேன், உண்மையில் எட்டு.

கடைசியில் விளக்கினார். எல்லோர் கையும் நடுங்குகிறது, வினாடிக்கு 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாத அளவு. செரட்டோனின் வகை மாத்திரைகள், பழைய இமிப்ரமின், அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்சின், புப்ரோபியான், அப்புறம் லித்தியம், வால்ப்ரோயேட் எல்லாம் அந்த இயல்பான நடுக்கத்தின் சத்தத்தைக் கூட்டிவிடலாம். பசி, தூக்கமின்மை, காஃபீன், பதற்றம் அதற்கு மேலும் கூட்டும். குளோனசிபாம் அடக்கும். செப்டம்பர் வரை அது மூடி போட்டு வைத்திருந்தது, மூடியை எடுத்த மாதமே அளவும் கூடியது, அட்டவணையே அப்படி விழுந்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்ததும் தொழில் புத்தியில் ஒரு காரியம் செய்தேன். போனில் அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறதே, அதன் கணக்கை வரைபடமாகக் காட்டும் ஒரு ஆப்பைப் போட்டு, போனை நீட்டிய கை மேல் வைத்துப் பத்து வினாடி பதிவு செய்து எண்ணினேன். வினாடிக்கு ஒன்பது. டாக்டர் சொன்ன எல்லைக்குள். யூடியூபில் பார்க்கின்சன் வீடியோ பார்த்துப் பார்த்து வந்த பயம் அன்றோடு போனது. இது வைத்தியமெல்லாம் இல்லை, நீங்களே அளந்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளவும் வேண்டாம், எனக்கு அப்போது அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடலாமா மேடம்?" என்று கேட்டேன். "நீங்க ஒரு போர்டுல ரெண்டு ஐசிய ஒண்ணா மாத்துவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். மாற்ற மாட்டேன். எது கோளாறு என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். அதனால் ஒரு நோட்டு போட்டேன். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு கொசுவத்திச் சுருள், ராத்திரி கடை மூடும்போது அன்று எத்தனை பார்ட் பறந்தது என்ற எண்ணிக்கை. நடுக்கம் வருவதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்றிரண்டு பறக்கும். நோட்டு போட்ட முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து.

முதலில் போனது கேஸ் கேப்ஸ்யூல், அது காத்திருக்க முடியாத சங்கதி. வயிற்றெரிச்சலுக்குத் தேவைப்பட்டால் மட்டும் என்று பான்டோப்ரசோல் தனியாக எழுதினார், அது எஸ்சிடலோபிராமை இந்த அளவுக்குச் சீண்டாது. உண்மையில் தேவையே படவில்லை, எரிச்சலே எட்டு டீயால்தான் இருந்திருக்கும். இரண்டு வாரத்தில் எண்ணிக்கை ஆறுக்கு வந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, மெடிக்கலில் கொடுத்தவர் மேல் இல்லை, மூன்று மாதம் தினமும் விழுங்கியும் அதை ஒரு மருந்து என்றே நினைக்காத என் மேல்.

அடுத்து டீ. பக்கத்துக் கடை மாஸ்டர் நான் கேட்காமலே கிளாஸை நீட்டுகிறவர், அவரிடம் சொல்வதுதான் மருந்தை விடக் கஷ்டம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி பின்னும், அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு டீயைக் குறைத்து, டிசம்பர் நடுவில் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நிறுத்தினேன். நடுவில் கிளாஸைப் பிடிக்க ஆசை வந்தால் சுக்கு மல்லி. எண்ணிக்கை நாலு, ஐந்து. பெரிய மாற்றம் இல்லை என்று நினைத்தேன், ஆனால் சுருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது காலைச் சுருள் நன்றாகவே வழுவழுப்பாகி இருந்தது. கண்ணை விட நோட்டு நேர்மையானது. (ஒரு கிளைக் கதை: ஓசிடிக்கு (ஒரே எண்ணம், ஒரே செயல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) கொடுக்கும் ஃபுளுவோக்சமைன் என்று ஒன்று இருக்கிறது, அது காஃபீன் உடம்பிலிருந்து வெளியேறுவதையே பல மணி நேரம் தள்ளிப்போடும். அதைப் போடுகிறவர்களுக்கு ஒரு காபியே மூன்று காபி மாதிரி.)

மாத்திரை நேரத்தைக் காலையிலிருந்து ராத்திரிக்கு மாற்றிப் பார்த்தோம். கையில் ஒரு வித்தியாசமும் இல்லை, தூக்கம்தான் கெட்டது. பத்து நாளில் காலைக்கே திரும்பிவிட்டேன்.

இந்தச் சமயத்தில் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு நண்பர் நாலு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். ப்ரொப்ரனலால். அவருடைய மாமாவுக்குக் கை நடுக்கத்துக்குக் கொடுத்ததாம், "போட்டா அரை மணில நின்னுரும்ணே" என்றார். பொய் இல்லை, இந்த மாதிரி நடுக்கத்துக்கு டாக்டர்களே எழுதும் மாத்திரைதான். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் இதய வலிக்காக உருவாக்கியது, அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது, மேடை ஏறும் முன்னால் கை நடுங்குகிற வயலின்காரர்கள்கூடப் போடுகிறார்கள். ஆனால் வீசிங் இருக்கிறவன் போட்டால் மூச்சுக்குழாய் இறுகிவிடும், இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையே மறைத்துவிடும். டாக்டர் முதல் நாளே என்னிடம், "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அந்த வழியை அடைத்துவிட்டார். நண்பர் மனம் கோணாமல் வாங்கி டிராயரில் போட்டு, அப்புறம் குப்பையில் போட்டேன். மற்றவர்களுக்குச் சுலபமாக இருக்கும் வழி எனக்கு இல்லை என்பதால்தான் இது எட்டு மாதம் இழுத்தது.

ஜனவரியில் அளவு. 20-லிருந்து 15. இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன், ஏனென்றால் அதற்குள் மனசு நன்றாகத் தேறியிருந்தது. நடுங்கும் கையோடு சந்தோஷமாக இருக்கிறதா, நிற்கும் கையோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன், அதை டாக்டரிடமும் சொன்னேன். நோட்டில் மூன்றாவது ஒரு கட்டம் போடச் சொன்னார்: ஷட்டர் தூக்கிய நேரம். அதை நான் எழுதக்கூடாது, மனைவி எழுதவேண்டும். மூன்று வாரம் கழித்துப் பறந்தவை இரண்டு, ஷட்டர் நேரம் மாறவில்லை. இடையில் ஒரு வாரம் தூக்கம் கலைந்தது, அப்பாவின் முதல் திவசமும் அந்த வாரத்தில்தான் வந்தது, எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை, விட்டுவிட்டோம்.

இதற்கு நடுவில் வேலை நின்றுவிடவில்லையே. மாத்திரை கணக்கெல்லாம் வாரக்கணக்கு, போன் கேட்டு வருகிறவர் சாயங்காலமே நிற்பார். நடுங்கும் கையோடு எப்படி வேலை செய்வது என்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது.

அந்தரத்தில் கை இருந்தால் ஆடும். முன்பு முழங்கை மட்டும் மேசையில் படும், இப்போது முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு கோடாகப் படவேண்டும். ரெக்சின் சுற்றிய மரக்கட்டை ஒன்றை மேசை உயரத்துக்கு ஏற்ற மாதிரி அடித்து வைத்தேன், மணிக்கட்டு அதன் மேல். அப்புறம் இரண்டு கையின் சுண்டுவிரலையும் ஒன்றோடு ஒன்று முட்டுக் கொடுத்தால், இரண்டு கையும் சேர்ந்து ஆடுமே தவிர தனித்தனியாக ஆடாது, ட்வீசரும் போர்டும் ஒன்றாக ஆடினால் பாதிப் பிரச்சினை இல்லை. லேசான ட்வீசரை விட்டு கனமான ஸ்டீல் ட்வீசருக்கு மாறினேன். இறுக்கிப் பிடிக்கக்கூடாது, இதுதான் ரொம்பக் கஷ்டம், நடுங்கும் கை தானாக இறுக்கும், இறுக்கினால் நடுக்கம் கூடும், பார்ட் தெறிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு வைப்பது என் பழைய பழக்கம், அதை விட்டு, மெதுவாக மூச்சை வெளியே விட்டு, விட்டு முடியும்போது வைக்கக் கற்றுக்கொண்டேன். மைக்ரோஸ்கோப்பை ஒரு படி குறைத்தேன், பெரிதாகப் பார்த்தால் நடுக்கம் பூதமாகத் தெரிந்து பயம் வருகிறது, கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தால் கை அடங்குகிறது. சிரிப்பாக இருக்கும், ஆனால் என் எண்ணிக்கையில் இது ஒன்றே தினம் ஒரு பார்ட்டைக் காப்பாற்றியது.

சாப்பிடாமல் வேலையில் உட்காரக்கூடாது. பன்னிரண்டு மணி வரை வெறும் டீயில் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். இரண்டு இட்லி உள்ளே போனபின் பதினொன்றிலிருந்து ஒன்று வரை கை இருப்பதிலேயே நன்றாக இருக்கும் என்று நோட்டு சொன்னது, சின்னப் பார்ட் வேலை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தள்ளினேன். டெம்பர் கிளாஸ், காம்போ (டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்தது) மாற்றுவது, சாஃப்ட்வேர் எல்லாம் மற்ற நேரம். ஹாட் ஏரைப் பையன் பிடிப்பான், நான் ட்வீசர் மட்டும். அவனிடம்தான் முதலில் விஷயத்தைச் சொன்னேன். "மாத்திரை சாப்பிடுறேன்டா, மனசுக்கு. அதுல கை ஆடுது." அவன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அக்காவும் சாப்பிடுது அண்ணே" என்றான். பேங்க் கையெழுத்துக்குத் தடித்த முனைப் பேனா, உட்கார்ந்து, அவசரமில்லாமல். டீ கிளாஸ் முக்கால்வாசிதான் ஊற்றச் சொல்வேன்.

பிப்ரவரி ரிவ்யூவில் டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்தார். நரஞ்சோ அளவுகோல் என்று 1981-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, ஒரு தொந்தரவு இந்த மருந்தால்தான் வந்ததா என்று பத்துக் கேள்வியில் மதிப்பெண் போடுவது. மருந்துக்குப் பிறகு வந்ததா, 2. இதற்கு முன் பலருக்கு வந்ததாகப் பதிவு உண்டா, 1. நிறுத்தியபோது குறைந்ததா, 1. திரும்ப ஆரம்பித்தபோது திரும்ப வந்ததா, 2. என் முட்டாள்தனமான ஐந்து நாள் இங்கே மூன்று மதிப்பெண் சம்பாதித்துக் கொடுத்தது! அளவைக் குறைத்தபோது குறைந்ததா, 1. தாளில், சுருளில் கண்ணால் பார்த்த சான்று, 1. வேறு காரணமும் இருந்திருக்கலாமா, டீ இருக்கிறதே, அதற்கு கழித்தல் 1. மொத்தம் 7. ஐந்திலிருந்து எட்டு வரை "பெரும்பாலும் மருந்தால்தான்", ஒன்பதும் அதற்கு மேலும் "உறுதி". ஒமிப்ரசோல் சேர்ந்த விவரத்தோடு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பினார். 2010-இல் ஆரம்பித்தது, காசியாபாத்தில் தலைமை. டாக்டர்தான் அனுப்பவேண்டும் என்றில்லை, சாப்பிடுகிற நாமே சொல்லலாம், 1800-180-3024 இலவச எண். எனக்கு இது தெரியாது. பக்க விளைவு என்றால் நாம் புலம்புவோம், நிறுத்துவோம், பதிவு செய்யலாம் என்று யாருக்குத் தோன்றும்?

ஜூன் வரை நோட்டு ஓடியது. கடைசிப் பக்கத்தில் பறந்தவை என்ற இடத்தில் பெரும்பாலும் பூஜ்யம், நடுவில் சில ஒன்று. தூக்கம் கெட்ட மறுநாளும், யாராவது தோளுக்குப் பின்னால் நின்று "முடிஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போதும் கை இன்னும் கொஞ்சம் ஆடும். 15 மி.கி. தொடர்கிறது. 10 ஆக்கலாமா என்று தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர், நானும் சீசன் முடியட்டும் என்றுதான் சொன்னேன். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர் போன மாதம் அதே போனோடு வந்தார், சார்ஜ் ஏறவில்லையாம். வேறு எங்கோ திறந்து ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்திருக்கிறார்கள். சீட்டு எழுதினேன். எப்போதிலிருந்து, யார் திறந்தார்கள், கடைசியாக என்ன மாற்றினார்கள் என்று கேட்டேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.